சொந்த டம்ளர் கொண்டு வாருங்கள்: சித்தூர் தாலுகாவின் ஒரு ஞாயிறு களம், ஒருமுறை வந்து திரும்பாதவர்கள்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரைப்பதி, எருத்தேம்பதி, பெருமாட்டி, முதலமடை என்று தமிழ் புழங்கும் பஞ்சாயத்துகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஆந்திரத்துச் சித்தூரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது பழைய கொச்சி நாட்டிலிருந்து பாலக்காட்டோடு சேர்ந்த சித்தூர் தாலுகா. கேரளத்தின் மற்றப் பகுதிகளைப் போல மழை கொட்டாத மண். தென்னை, கடலை, மாந்தோப்பு, கள். சந்தைக்குப் பொள்ளாச்சி, அரசாங்கக் காகிதத்துக்குப் பாலக்காடு.

இங்கே ஒரு மாற்றுக் கூடுமிடம் எப்படித் தொடங்கியது, யாருக்கு அது தன் இடமாகவில்லை, ஏன் ஆகவில்லை, எதை மாற்றியபோது என்ன நடந்தது என்பதே இந்த ஆய்வு. இதில் வரும் களம் ஒரே இடம் அல்ல. எல்லைப் பகுதியில் இத்தகைய இடங்களில் திரும்பத் திரும்ப நடப்பவற்றை ஒரே இடத்தில் வைத்து எழுதியிருக்கிறோம். அங்கே பேசுபவர்களும் அப்படிச் சேர்த்து எழுதப்பட்டவர்களே. ஊர், ஆண்டு, சட்டம் பற்றியவை உள்ளது உள்ளபடி.

இடமும் ஆட்களும்

இப்பகுதியில் களம் என்றால் நெல்லடிக்கும் முற்றம் மட்டுமல்ல. முற்றம், நெல் சேமிக்கும் பத்தாயப்புரை, கொட்டகை, பண்ணைவீடு எல்லாம் சேர்ந்ததைக் களம் என்பார்கள். அப்படி ஒரு களத்தைக் குடும்பத்தின் இளைய தலைமுறை பொதுக் காரியத்துக்குத் திறந்துவிட்டது. ஞாயிறு தோறும் காலை 10 முதல் 1 மணி வரை கூடல். மரபு விதைப் பரிமாற்றம், மிக்ஸியும் சைக்கிளும் பழுதுபார்க்கும் மேசை, வாசிப்பு, மாதம் ஒரு சினிமா. நடத்தியவர்கள் இயற்கை விவசாயிகள், ஆசிரியர்கள், கொச்சியிலும் கோவையிலும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள். வாசலில் தமிழிலும் மலையாளத்திலும் பலகை: எல்லோரும் வரலாம்.

எட்டு மாதம் போனபின் பார்த்தால், வண்டி வைத்திருப்பவர்களே வந்துகொண்டிருந்தார்கள். நடந்தே வரக்கூடிய தூரத்தில் இருந்த லட்சம் வீட்டு (நிலமில்லாதவர்களுக்கு அரசுத் திட்டத்தில் கட்டிய குடியிருப்பு) ஆட்களும், அதே வயல்களில் களையெடுக்கும் பெண்களும், கள் இறக்குபவர்களும் இல்லை. "கூப்பிட்டோம், வரல. அவங்களுக்கு இதுல ஆர்வம் இல்ல" என்று நடத்தியவர்கள் முடிவுகட்டியிருந்தார்கள். அந்த முடிவு பிழை. அவர்களில் நிறையப் பேர் வந்திருந்தார்கள், ஒருமுறை. இந்த வேறுபாட்டைக் கவனிக்காத இடம் எதையும் சரிசெய்ய முடியாது. ஒருபோதும் வராதவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை என்று சொல்லலாம். ஒருமுறை வந்து திரும்பாதவர்களை அனுப்பியது செய்தி அல்ல, இடம்.

எப்படிக் கேட்டறிவது

"ஏன் வரலீங்க?" என்று களத்துக்காரர்களே போய்க் கேட்டால் "நல்லாத்தான் இருந்துச்சுங்க, வேலை ஒழியல" என்ற பதில்தான் வரும். கேட்பவரின் தோட்டத்தில் திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டியவர் வேறு என்ன சொல்வார்? ஆகவே கேட்டது வெளியார்: பக்கத்துப் பஞ்சாயத்தின் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தை (கேரள அரசுத் திட்டத்தின் கீழ் இயங்கும் அக்கம்பக்கத்துப் பெண்கள் குழு) சேர்ந்த இரண்டு பெண்கள். களத்துக்காரர் யாரிடமும் அவர்கள் கூலிக்குப் போவதில்லை.

கேட்கும் முறையும் மாறியது. களம் காலியாக இருக்கும் ஒரு வார நாளின் மாலையில் நான்கு பெண்களோடு உள்ளே நடந்தார்கள். களத்துக்காரர் ஒருவரும் கூட இல்லை. கேட், திண்ணை, தண்ணீர்க் குடம், உட்காரும் இடம், மைக் வைக்கும் மூலை, கழிப்பறை, திரும்பிப் போகும் வழி என்று ஏழு நிறுத்தங்கள், ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு நிமிடம். கேள்வி ஒன்றே: "இங்க நின்னப்ப என்ன ஞாபகம் வந்துச்சு?" கருத்துக் கேட்டால் மரியாதைக்காக நல்ல வார்த்தை வரும், பொருளைக் காட்டி ஞாபகத்தைக் கேட்டால் உண்மை வரும். செல்போனில் பதிவு செய்யவில்லை. யார் சொன்னது என்ற குறிப்பில்லாமல் பொருள்வாரியாக அன்றிரவே எழுதி வைத்தார்கள். மொத்தம் ஒன்றரை மணி நேரம். எட்டு மாதத்தில் தெரியாதது அதில் தெரிந்தது.

டம்ளர்

களத்தின் விதிகள் மூன்று: நெகிழி வேண்டாம். தட்டும் டம்ளரும் வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள். குடித்ததை அவரவரே கழுவுங்கள்.

குப்பை சேராமலிருக்க வைத்த விதி. நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நகரத்து இயற்கைச் சந்தையில் இதே விதி யாரையும் உறுத்தாது. ஆனால் தேநீர்க் கடையில் தனக்கென்று ஒதுக்கிய டம்ளரில் குடித்து, தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தவர்கள் எல்லையின் இரு பக்கமும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களின் பெற்றோர் சிரட்டையில் வாங்கிக் குடித்தவர்கள். பழங்கதையும் அல்ல: முதலமடை கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியின் சக்கிலியர் குடும்பங்கள், தேநீர்க் கடையிலும் குடிநீர் பிடிக்கும் இடத்திலும் தங்களுக்குப் பாகுபாடு காட்டப்படுவதாக 2017இல் சொன்ன புகார் கேரளம் முழுதும் பேசப்பட்டது. அந்தத் தாலுகாவில், ஒரு பண்ணைக்காரரின் களத்தில், "உங்கள் டம்ளரை நீங்களே கொண்டு வாருங்கள், நீங்களே கழுவுங்கள்" என்று பலகை வைத்தால் அது சுற்றுச்சூழல் விதியாகப் படிக்கப்படாது. தண்ணீர்க் குடத்தருகே நின்று ஒரு அக்கா சொன்னது இவ்வளவுதான்: "டம்ளர கையோட கொண்டாறதுக்கு எங்களுக்குச் சொல்லிக் குடுக்கோணுமாங்க?"

சரிசெய்தது இப்படி. ஒரே அளவு, ஒரே வடிவ எவர்சில்வர் டம்ளர் 60 வாங்கப்பட்டது. வழக்கமான வரவு நாற்பது பேர் என்றால் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். குறைந்தால் "நீங்க முதல்ல குடிங்க" என்று ஒருவர் ஒதுங்குவார், ஒதுங்குபவர் எப்போதும் ஒரே பக்கத்து ஆளாக இருப்பார். டம்ளரில் பெயர் வெட்டக் கூடாது, பெயிண்ட் குறி கூடாது. எது யார் குடித்தது என்று தெரியாமல் போவதே முழு நோக்கம். நாற்பது பேருக்கு டீ நான்கு லிட்டர்: பால் 2 லிட்டர், தண்ணீர் 2 லிட்டருக்குச் சற்றுக் கூடுதல், தூள் 80 கிராம், சர்க்கரை 300 கிராம். இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. டீ பற்றாமல் போகும் நாளில் கடைசியில் நிற்பவர்களுக்கு வெந்நீரைக் கலந்து ஊற்றுவார்கள். கடைசியில் நிற்பவர் யார் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

கழுவ மூன்று பேசின்: சோப்புத் தண்ணீர், அலசும் தண்ணீர், கடைசியில் சுடுதண்ணீர். முதல் இரண்டு மாதம் நிலமுள்ளவர்களும் தொடங்கியவர்களுமே பேசினில் கைவைக்க வேண்டும் என்று முடிவு. இங்கேதான் நிறைய இடங்கள் தோற்கின்றன. கூலிக்குப் போகும் பெண்கள் அதைப் பார்த்துப் பொறுக்க மாட்டார்கள். "நீங்க விடுங்க, நாங்க கழுவறோம்" என்று டம்ளரைக் கையிலிருந்து பிடுங்குவார்கள். அன்பாகத்தான் செய்கிறார்கள் என்று விட்டுவிட்டால் மூன்றாவது வாரம் கழுவும் வேலை அவர்கள் தலையில் நிலைத்துவிடும். அந்தக் கூச்சம் அடங்க ஆறேழு வாரம் ஆகும். அதன்பின் சீட்டுப் போட்டு இருவர் இருவராக முறை வைத்தார்கள்.

பேப்பர் கப் நடுவழியாகத் தோன்றும். வேண்டாம். தனி டம்ளரை வெளிப்படையாக வைக்கப் பயந்த பல கடைகளில் அந்த இடத்தைப் பிடித்தது பேப்பர் கப்தான்.

இன்னொரு சிக்கல் பின்னால் வந்தது. பொது டம்ளர் வந்த பிறகும் இரண்டு பேர் "உடம்புக்கு நல்லது" என்று சொந்தச் செம்பு டம்ளரையே கொண்டுவந்தார்கள். அவர்கள் மனதில் என்ன இருந்தது என்பது பொருட்டல்ல. பொது டம்ளரைத் தொடாத இருவர் இருந்தால் மற்ற நாற்பது பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மருந்து குடிப்பவர் தவிர எல்லோருக்கும் பொது டம்ளரே என்று விதியாக்க வேண்டியிருந்தது. ஒருவர் வருவதை நிறுத்தினார்.

உட்காரும் உயரம்

வட்டமாகப் பாயில் உட்காருவது சமத்துவம் என்று எண்ணியிருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து பழகியவருக்குத் தரையில் உட்காருவது ஒரு விருப்பம். அந்த முற்றத்தில் கூலி வாங்கத் தரையில் குத்தவைத்துக் காத்திருந்தவருக்கு அது பழைய இடம். அதோடு, முட்டிவலிக்காரர்களுக்கு நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி ஓரமாகப் போடப்பட்டது. அதில் உட்கார்ந்தவர்கள் ஆசிரியர்களும் வெளியூர் விருந்தாளிகளும். களைவெட்டித் தேய்ந்த முட்டிகள் பாயில் இருந்தன.

தரையா நாற்காலியா என்பதல்ல, எல்லோருக்கும் ஒரே உயரம் இருக்கிறதா என்பதே கேள்வி. தென்னம்பலகையில் பத்து பெஞ்சு செய்தார்கள்: ஆறடி நீளம், பத்து அங்குல அகலம், பதினாறு அங்குல உயரம். ஒரு பெஞ்சுக்கு நான்கு பேர். சாய்மானம் கிடையாது, சாய்மானமுள்ள ஒரே இருக்கை எங்கிருந்தாலும் அது தலைமை இருக்கை ஆகிவிடும். திண்ணை சிக்கலாகவே இருந்தது. முற்றத்தைவிட இரண்டடி உயரம், களத்துக்காரர்களுக்கு அங்கே உட்காருவது பிறவிப் பழக்கம். கூடல் நேரத்தில் திண்ணை முழுக்க விதைத் தட்டுகளைப் பரப்பி வைத்ததும் உட்கார இடமில்லாமல் போனது. பேசித் தீராதது தட்டில் தீர்ந்தது.

கேட்டிலிருந்து முற்றம் வரை

கேட் இரும்பு, இரட்டைக் கதவு. ஒரு கதவில் உள்ள சிறு திட்டிவாசல் மட்டும் திறந்திருக்கும்; உள்ளே நாய். கேட்டிலிருந்து முற்றத்துக்குப் போக வீட்டு முகப்பைக் கடக்க வேண்டும். வேலைக்கு வருபவர்கள் அந்த முகப்பு வழியாக வந்ததே இல்லை. வடக்குப் பக்கம் வரப்பேறித்தான் வருவார்கள். கூடலுக்கு வாருங்கள் என்றபோது எந்த வழியாக வருவது என்பதே முதல் திகைப்பு. முன்வாசல் வழியாக வந்தவர் வீட்டுக்காரப் பெரியவர் முன்னால் தலைகுனிந்து நடக்க வேண்டியிருந்தது. வரப்பில் வந்தவர் கூடலின் முதுகுப்புறம் வந்து சேர்ந்தார்.

தீர்வுக்கு ஆன செலவு குறைவு. சாலையை ஒட்டிய வேலியில் ஆறடிக்கு முள்ளை எடுத்து நேரே முற்றத்துக்கு ஒரு வழி. எல்லோருக்கும், களத்துக்காரர்களுக்கும், வெளியூர்க் கார்க்காரர்களுக்கும் அதே வழி. ஞாயிற்றுக்கிழமை நாய் பின்கட்டில். கழிப்பறைச் சாவி வீட்டுக்குள்ளிருந்து வெளிச்சுவரின் ஆணிக்கு வந்தது. கேட்டு வாங்க வேண்டிய சாவி என்பதாலேயே மூன்று மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்கள் உண்டு.

இதே தாலுகாவில் வேறொரு மாற்று இடமும் இருந்ததை இங்கே நினைவில் வைக்க வேண்டும். பெருமாட்டி பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில், கொக்கோ கோலா ஆலைக்கு எதிராக 2002 ஏப்ரல் 22 அன்று தொடங்கிய போராட்டப் பந்தல். எரவாளர், மலசர் பழங்குடிக் குடும்பங்கள் தங்கள் கிணற்றுத் தண்ணீருக்காக ஆலை வாசலுக்கு எதிரே போட்டது. எரவாளர் சமூகத்து மயிலம்மா அதன் முகம். ஆலை 2004 மார்ச்சில் நின்றது. உலகின் பல பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அங்கே வந்தவர்கள் விருந்தாளிகள். கூலிக்குப் போகும் பெண்களே வீட்டுக்காரர்கள். பந்தலுக்கு முன்வாசல் பின்வாசல் கிடையாது. ஞாயிறு களத்தின் ஆட்கள் பிளாச்சிமடையைப் பற்றி அடிக்கடிப் பேசினார்கள், ஆனால் இந்த ஒன்றை எடுத்துக்கொள்ளவில்லை.

அறிமுகச் சுற்று

"பேரு, ஊரு, என்ன பண்றீங்க" என்று சுற்றிவரக் கேட்பது எங்கும் உள்ள பழக்கம். இந்த ஊரில் "ஊரு" என்பது சாதியைக் கேட்கும் மறைமுகக் கேள்வி. மலையாளத்தில் வீட்டுப்பெயர் கேட்பதும் அப்படித்தான். காலனிப் பெயரைச் சொன்னால் எல்லாம் தெரிந்துவிடும்; சொல்லாமல் பஞ்சாயத்துப் பெயரைச் சொன்னால் "அங்க எந்தப் பக்கம்?" என்று அடுத்த கேள்வி வரும். காலனி என்ற சொல்லையே அரசு ஏடுகளிலிருந்து நீக்க 2024 ஜூனில் கேரளமும் 2025இல் தமிழ்நாடும் முன்வந்தன. பலகைப் பெயர் மாறலாம். "எந்தப் பக்கம்" மாறாது.

இப்போது களத்தில் சுற்றுக் கேள்வி ஒன்றுதான்: "உங்கள எப்படிக் கூப்பிடறது?" இது சின்ன மாற்றம் போலத் தெரியும். ஆனால் வாரம் முழுக்க "ஏ பொன்னி" என்று கூப்பிடப்படும் ஐம்பது வயதுப் பெண் எல்லோர் முன்னாலும் "பொன்னியக்கா" என்று சொல்லிவிட்டால், இருபத்தைந்து வயதுத் தோட்டக்காரர் மகன் அதன்பின் அப்படித்தான் கூப்பிட வேண்டும். "ங்க" போடாத பேச்சு களத்துக்குள் இல்லை என்பது பெயரோடு சேர்ந்த விதி. அது திங்கட்கிழமை வயலுக்கும் நீண்டதா? சிலருக்கு நீண்டது. நீளாத இடங்களில் ஞாயிற்றின் "வாங்க பொன்னியக்கா" இன்னும் வேதனையானது என்று பெண்களே சொன்னார்கள். "அதுக்கு 'ஏ பொன்னி'ன்னே கூப்பிடலாம்" என்றார் ஒருவர்.

கூலி பற்றிய பேச்சு

இயற்கை விவசாயக் கூட்டங்களில் அதிகம் ஒலிக்கும் புலம்பல்: ஆள் கிடைக்கவில்லை, கூலி ஏறிப்போச்சு, தொழிலுறப்பு (நூறு நாள் வேலை) வந்து எல்லாத்தையும் கெடுத்துடுச்சு. களைக்கொல்லி அடிக்காத வயலில் களையெடுப்புக்குக் கூடுதல் கை வேண்டும், அந்தக் கை பெண்களுடையது. அந்தப் பெண்கள் அதே பெஞ்சில் உட்கார்ந்து தங்களைச் செலவுக் கணக்காகப் பேசுவதைக் கேட்டார்கள். யாரும் அவர்களைத் திட்டவில்லை, அவமதிக்க எண்ணவும் இல்லை. அவர்கள் கேட்டுக்கொண்டிருப்பது யார் கண்ணிலும் படவில்லை.

விதைப் பரிமாற்றமும் இதே போல. "கொண்டு வா, கொண்டு போ" என்றால் நிலமில்லாதவர் எதைக் கொண்டுவருவார்? 1970இல் நடைமுறைக்கு வந்த கேரள நிலச் சீர்திருத்தம் குத்தகையாளருக்கு வயலைத் தந்தது. பஞ்சாயத்துப் பகுதியில், பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த குடியிருப்புக்காரருக்குக் குடிசை நின்ற பத்து சென்ட் வரைதான். இன்று பிரித்துப் பிரித்து அது மூன்று சென்டும் நான்கு சென்டுமாக இருக்கிறது. விதை எடுத்துக்கொள்ளவே அவர்கள் தகுதியில்லாதவர்கள் ஆனார்கள்.

இரண்டு மாற்றங்கள் பலன் தந்தன. ஒன்று, களையெடுக்கும்போது மடியில் சேரும் கீரைகளுக்கு ஒரு மேசை: பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, தொய்யக்கீரை. எதை எப்போது பறிப்பது, எதைப் பருப்போடு, எதைப் புளியோடு கடைவது என்பதில் நிலமுள்ளவர்களுக்குத் தெரிந்தது சொற்பம். அந்த மேசையில் பெண்கள் சொல்பவர்கள், மற்றவர்கள் கேட்பவர்கள். கொஞ்ச நாளில் "பாரம்பரிய அறிவு" என்று வீடியோ எடுக்கப் போனைத் தூக்கியவர்களைத் தடுக்க வேண்டியிருந்தது. கேட்காமல் எடுத்தால் மேசை மூடப்படும் என்று பெண்களே விதி போட்டார்கள். மற்றொன்று, விதைக் கடன்: ஐம்பது கிராம் எடுத்தால் அறுவடைக்குப் பின் நூறு கிராம், முளைக்காவிட்டால் கடன் இல்லை.

கூலி, வேலை நேரம் பற்றிப் பேச்சு வரும் நாளில், அங்கிருக்கும் யாருக்காவது கூலி கொடுப்பவர் தலைமை ஏற்கக் கூடாது. மாதம் ஒரு முறை கூலிப் பெண்கள் மட்டும் முக்கால் மணி நேரம் தனியே கூடுகிறார்கள். அங்கே பேசியதில் எதை வெளியே சொல்வது என்பது அவர்கள் முடிவு. இது பிரிவினை என்று நல்ல மனதோடு எதிர்த்தவர்கள் இருந்தார்கள். ஆனால் ஞாயிறு சொன்ன வார்த்தை திங்கட்கிழமை வேலையைப் பறிக்கும் இடத்தில், எல்லோரும் சேர்ந்தே பேசுவோம் என்பது ஒரு பக்கத்தை வாய்மூட வைக்கும் ஏற்பாடு.

மொழி

தமிழில் தொடங்கும் கூட்டம் இருபது நிமிடத்தில் மலையாளமாகி, பின் ஆங்கிலச் சொல்லால் நிரம்பும். திருச்சூரிலிருந்து ஒருவர் வந்திருந்தால் போதும், அவருக்காக எல்லோரும் மாறுவார்கள். தமிழ் மட்டும் பேசுபவருக்காக யாரும் மாறுவதில்லை. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழில் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ள இடம் தருகிறது. அரசாங்கம் ஏட்டில் ஏற்றதை மாற்று இடம் பெஞ்சில் ஏற்கவில்லை.

மூலையில் ஒருவர் கிசுகிசுத்து மொழிபெயர்ப்பது கேட்பவரைத் தனித்துக் காட்டியது, கைவிட்டார்கள். மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்தி முழு அவைக்கும் மற்ற மொழியில் சொல்வது நிலைத்தது. நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பதால் ஒரு நாளுக்கு மூன்று பொருளுக்குப் பதில் ஒன்றரைப் பொருள்தான். அறிவிப்பை எழுதி அனுப்புவதும் உதவவில்லை: வயதானவர்களில் படித்தவர் தமிழ் படிப்பார், மலையாளப் பள்ளியில் படித்த பேத்திக்குத் தமிழ் எழுத்து வராது. ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் குரல் செய்தி இரு தலைமுறைக்கும் போய்ச் சேர்ந்தது.

நேரத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஞாயிறு காலை துணி துவைக்கும் நேரம். ஞாயிறு பிற்பகல் பல வார்டுகளில் அயல்கூட்டம். கள் இறக்குபவருக்குக் காலையும் மாலையும் மரம், ஞாயிறும் விடுமுறை இல்லை. யாருக்கும் முழுப் பொருத்தமான நேரம் இல்லை என்பதால், மாதத்தில் இரண்டு கூடல் காலை 11 மணிக்கும் இரண்டு கூடல் வார நாள் மாலை 6 மணிக்கும் மாறின. மாலையில் முடிவு கடைசிப் பேருந்துக்கு அரை மணி முன்னால்.

உணவு கடினமாக இருந்தது. "சாத்விக உணவு மட்டும்" என்ற வழக்கம் யார் வீட்டு அடுப்பைச் சுத்தமற்றது என்று சொல்கிறது என்பதை எல்லோரும் அறிவார்கள், யாரும் சொல்லவில்லை. இப்போது கஞ்சியும் பயறும் பொது; பக்கத்தில் கருவாடோ முட்டையோ தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. அதன்பின் மூன்று குடும்பங்கள் வரவில்லை. அவர்கள் நல்லவர்கள், தொடக்கத்திலிருந்து உழைத்தவர்கள். அந்த இழப்பை ஏற்றுக்கொண்டுதான் இந்த முடிவு எடுக்கப்பட்டது. இழப்பே இல்லாமல் இதைச் செய்யலாம் என்று யாருக்கும் சொல்ல மாட்டோம்.

சரிசெய்யப் போய்க் கெட்டவை

பெண்கள் களத்தில் நடந்து சொன்னதை அறிந்தபின் வருத்தப்பட்ட களத்துக்காரர்கள் முதலில் செய்தது, லட்சம் வீட்டுப் பெண்கள் ஐந்து பேரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தியது. படம் எல்லோருடைய ஸ்டேட்டஸிலும் ஏறியது. ஐவரில் நால்வர் அடுத்த இரண்டு மாதம் வரவில்லை. விருந்தாளியாக்கிப் பாராட்டுவது, இது உன் வீடு அல்ல என்று இன்னொரு விதத்தில் சொல்வது.

அடுத்து, நிர்வாகக் குழுவில் ஒரே ஒரு பெண்ணைச் சேர்த்தார்கள். சாதி தொட்ட எந்தக் கேள்வியும் அவர் பக்கம் திரும்பியது, "நீங்கதான் சொல்லணும்." மற்றப் பேச்சில், கணக்கில், வாடகையில், அவரை யாரும் கேட்கவில்லை. மூன்று மாதத்தில் விலகினார். பிறகு ஒன்பது பேர் குழுவில் குறைந்தது மூன்று இடம் கூலிக்குப் போகும் பெண்களுக்கு. ஒருவர் பேசும்போது பக்கத்தில் தலையசைக்க இன்னொருவர் இருக்க வேண்டும். குழுக் கூட்ட நாளில் இழக்கும் கூலி களத்துக் கணக்கிலிருந்து கொடுக்கப்படுகிறது. இதைத் தருமம் என்று எழுதாமல் பயணப்படி போலச் செலவுத் தலைப்பில் எழுத வேண்டும். நிலமுள்ளவருக்குக் கூட்டத்துக்கு வந்தால் நாள் போகாது, இவர்களுக்குப் போகும்.

புகார்ப் பெட்டி வைத்தார்கள், காலியாகவே கிடந்தது. எழுதத் தயங்குபவரும், எழுத்து அடையாளம் தெரிந்துவிடுமோ என்று பயப்படுபவரும் பெட்டியில் போட மாட்டார்கள். பெட்டியை எடுத்துவிட்டு இரண்டு பேரைக் கேட்பவர்களாக வைத்தார்கள், ஒருவர் களத்துக்கு வெளியிலிருந்து. ஏழு நாளுக்குள் பதில். தவறு உறுதியானால் இரண்டு கூடலுக்கு வெளியே. தீண்டாமை நடந்தால் அது அரசியலமைப்பின் 17ஆம் பிரிவும் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் தொடும் குற்றம். களத்துப் பஞ்சாயத்தில் பேசி முடிக்கச் சொல்லி யாரையும் வற்புறுத்தக் கூடாது, காவல் நிலையத்துக்குப் போக விரும்புபவரோடு கூடப் போக வேண்டும்.

பலனை அளக்க ஒரு நோட்டு. பெயர் இல்லை, சாதி இல்லை. வருபவரே ஒரு கோடு போடுகிறார்: முதல்முறை, இரண்டாம் முறை, மூன்றாவதோ அதற்கு மேலோ. முதல் கட்டம் நிரம்பி மூன்றாவது வெறுமையாக இருந்தால் இடத்தில் ஏதோ ஒன்று தள்ளுகிறது. மறுபடி நடந்து பார்க்க வேண்டும். விழா நாளில் முதல் கட்டம் எப்போதும் பெருகும், அதை வைத்து மகிழ்ந்துவிடக் கூடாது.

சாவியும் கையெழுத்தும்

சங்கமாகப் பதிவு செய்யப் போனபோது பழைய கேள்வி புது உருவில் வந்தது. சித்தூர் பழைய கொச்சிப் பகுதி. ஆகவே 1955ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்-கொச்சி சங்கச் சட்டம். குறைந்தது ஏழு பேர் கையெழுத்து. வேலை நாளில் பாலக்காடு போய்வர முடிந்த ஏழு பேர் யார் என்று பார்த்தால், முதலில் தொடங்கிய அதே ஏழு பேர். அப்படியே பதிந்திருந்தால் பெஞ்சும் டம்ளரும் எல்லோருக்கும், இடம் எழுவருக்கு என்று ஆகியிருக்கும். இரண்டு மாதம் தள்ளிப்போட்டு, கையெழுத்துக்காரர் ஏழு பேரில் மூவர் கூலிக்குப் போகும் பெண்கள் என்று உறுதியான பிறகே மனு போனது. ஆண்டுச் சந்தா 500 ரூபாய் கட்டியவருக்கே ஓட்டு என்ற பழைய விதி, மூன்று கூடலுக்கு வந்தவருக்கு ஓட்டு என்று மாறியது; சந்தா முடிந்தவர்கள் தருகிறார்கள்.

முற்றத்துச் சாவி மூன்று. ஒன்று வீட்டில், ஒன்று பழுது மேசைக்காரரிடம், ஒன்று லட்சம் வீட்டுப் பக்கம். மூன்றாவது சாவி ஐந்து மாதம் ஒரு முறையும் பயன்படவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை மாலை, யாரையும் கேட்காமல், பெண்கள் அயல்கூட்டத்தை அங்கே நடத்தினார்கள். வீட்டுப் பெரியவர் மறுநாள் காரணம் கேட்டார். களத்துக் குழு அவரிடம் வாடகை ஒப்பந்தத்தைக் காட்டியது.

ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்கு. ஓராண்டுக்கு மேல் என்றால் பதிவு செய்ய வேண்டும், அதற்குக் குடும்பம் இன்னும் இசையவில்லை. அதனால் பதினொரு மாதத்துக்கு ஒருமுறை எல்லாமே அந்தப் பெரியவரின் மனதில் தொங்குகிறது. குழுவுக்குள் இப்போதைய பேச்சு, மாலைக் கூடல் இரண்டையும் லட்சம் வீட்டு ஆலமரத்தடிக்கு மாற்றுவது பற்றி. சோதனையாக நடத்திய முதல் இரண்டிலும் கார்க்காரர்கள் பாதியாகக் குறைந்தார்கள். எங்கே உட்காருவது, யாரிடம் கேட்டுத் தண்ணீர் எடுப்பது என்று தெரியாமல் வண்டிப் பக்கமே நின்றவர்களும் உண்டு. பெஞ்சு பத்தும் டம்ளர் பெட்டியும் குட்டியானையில் ஒரே நடையில் ஏறிவிடுகின்றன, வாடகை களத்துக் கணக்கில். அங்கே டீ யார் போடுவது என்பதை அந்தப் பக்கத்துப் பெண்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை.